சுபம் போடும் வரை

நல்ல திரைப்படங்களைப் பாராட்ட நாடெங்கும் ஆள் உண்டு. விருது கொடுக்க அரசு உண்டு. விழா எடுக்க மன்றங்கள் உண்டு. தோற்றுப்போன படங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே வாரத்தில் கொட்டகையை விட்டுப் பெட்டி திரும்பிய படம், பசை உலருமுன்னே அடுத்த சுவரொட்டிக்கு அடியில் புதைந்துபோன படம், நடித்தவர்களே மறந்துவிட்ட படம் – இவற்றையும் நினைத்துப் பார்க்க உலகில் இரண்டு பேராவது வேண்டாமா? எங்கள் ராசிபுரத்தில் அந்தத் தொண்டை நானும் என் நண்பர் ஒருவரும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறோம்.

நண்பர் கத்தோலிக்கர் அல்லர். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கும் சேகோ ஆலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பள்ளிப் பருவத்தில் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காதபடி மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்த நாள் தொட்டு எங்கள் நட்பு வளர்ந்தது. இப்போது எங்கள் ஊர் அவ்வகைக் கொட்டகையை மறந்துவிட்டது. ஆனால் மாலை வேளையில் அவர் வீட்டுத் திண்ணையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டால், பழைய படங்கள் ஒவ்வொன்றாய் எழுந்து வரும். படப்பேச்சு எப்போது குடும்பப் பேச்சாக மாறிற்று, குடும்பப் பேச்சு எப்போது மீண்டும் படப்பேச்சாயிற்று என்பது எங்களுக்கே தெரியாது.

கணக்கர் அல்லவா? படங்களைத் தரம் பிரிக்கவும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. ராசிபுரம் நெய்க்குப் பேர்போன ஊர். ஆகவே அவருடைய தராசில் படங்கள் மூன்று வகை: நெய், டால்டா, விளக்கெண்ணெய். நெய் ரகம் மணக்கும். டால்டா ரகம், நெய்யாக நடிக்கும். விளக்கெண்ணெய் ரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டும். ஆனால் வயிற்றுக்கு நல்லது என்பார். அந்த மூன்றாம் வகையின்மேல்தான் அவருக்குத் தனிப் பாசம்.

எங்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, படம் எத்தனை மோசமானாலும் திரையில் 'சுபம்' போடும்வரை எழுந்து போகலாகாது. இரண்டாவது, எத்தனை சிரித்தாலும், அந்தப் படத்தில் நல்லதாக ஒரு காட்சியையாவது கண்டெடுத்துச் சொல்லிவிட்டுத்தான் பேச்சை முடிக்க வேண்டும். "காசு வாங்காம விமரிசனம் பண்றோம். நாணயமாவாவது பண்ணணும்ப்பா" என்பது அவர் வாதம்.

சினிமாவைப் பார்த்துச் சிரிப்பது எங்கள் ஊர்ப் பெயருக்குப் புதிதன்று. ஆங்கில எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் (1906–2001) சென்னையில் பிறந்தவராயினும், அவர் பெயரின் முதல் எழுத்து ராசிபுரத்தைக் குறிப்பது. 1947-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'மிஸ் மாலினி' படத்துக்குக் கதை எழுதியவர் அவர். படம் ஓடவில்லை. ஆனால் திரையுலகை உள்ளிருந்து கண்ட அவர், 1949-இல் வெளிவந்த 'மிஸ்டர் சம்பத்' நாவலில் மால்குடிக்கே ஒரு படப்பிடிப்பு நிலையத்தைக் கொண்டுவந்து, அதன் ஆரவாரத்தையெல்லாம் நகைச்சுவையாக்கினார். பிற்காலத்தில் அவருடைய 'கைடு' நாவல் 1965-இல் இந்திப் படமானபோது, தென்னாட்டு மால்குடி வடநாட்டுக்கு இடம்பெயர்ந்து போனதைப் பற்றியும் புன்னகையோடு ஒரு கட்டுரை எழுதினார். "ஓடாத படத்துக்குக் கதை எழுதினதாலதான் அவருக்கு இத்தனை நல்லாச் சிரிக்கத் தெரிஞ்சுது" என்று நண்பர் தீர்ப்புச் சொல்வார்.

எங்கள் பகுதிக்குத் திரைப்படம் தொலைதூரப் பொருளாக இருந்ததில்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-இல் 'சதி அகல்யா'வை முதல் படமாகத் தந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கேதான் உருவாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுத்தது. சுந்தரம் 1963-இல் மறைந்தபின் அவர் மகன் சில காலம் தொடர்ந்து நடத்தினார். இன்று ஏற்காடு சாலையில் அந்த நிலையத்தின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் நண்பர் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து உட்காருவார். கோயிலைக் கடக்கும்போது நாம் சிலுவை அடையாளம் வரைவதில்லையா, அதுபோல.

பெரிய படங்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நண்பர் பேசுவது 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அங்கு எடுக்கப்பட்ட துப்பறியும் படங்களைப் பற்றி. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கர் துப்பாக்கியோடு திரிந்த காலம் அது. "வில்லன் குகையில மினுக்கு மினுக்குன்னு பல்பு எரியுதே, அது எதுக்குன்னு யாராச்சும் கேட்டாங்களா? மாரியம்மன் பண்டிகைக்கு வாடகைக்கு எடுத்த சீரியல் பல்பு, திருப்பிக் கொடுக்க ரெண்டு நாள் தவணை இருந்திருக்கும்" என்பார். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972) போன்ற குதிரைவீரர் படங்கள் வந்தபோது, தமிழ்நாட்டுப் பொட்டல்காடு அமெரிக்காவின் மேற்குச் சீமையாயிற்று. "நமக்குத் தெரிஞ்ச குதிரை அய்யனார் கோயில் மண்குதிரை ஒண்ணுதான். அதுவும் புல்லுக் கேக்காது. தயாரிப்பாளருக்கு அதையே வெச்சு எடுத்திருந்தா இன்னும் செலவு மிச்சம்" என்று கணக்கர் கணக்குச் சொல்வார்.

தெலுங்குத் திரையுலகின் பி. விட்டலாச்சார்யாவோ அவருக்கு ஞானகுரு. குறைந்த செலவில் மாயாஜாலம் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1978-இல் வந்த 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்துச் சமைக்கும். ஒரு நடிகர் அதிகச் சம்பளம் கேட்டால், கதையில் அவரைச் சாபத்தால் ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிட்டு, மீதிப் படத்தை அந்த ஆட்டையும் கிளியையும் வைத்து முடித்துவிடுவார் என்று திரையுலகில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. "ஆலையில எங்க முதலாளிக்கு இந்த வித்தை தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நான் போனஸ் கேட்ட அன்னிக்கே ஆடாகியிருப்பேன்" என்று நண்பர் சொன்னபோது, காப்பி கொண்டுவந்த அவர் மனைவி, "இப்ப மட்டும் என்னவாம், தழை ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த அம்மையாரை நான் தங்கச்சி என்றே அழைப்பேன். என்னை அவர் அண்ணா என்பார். எங்கள் சபையின் மூன்றாவது உறுப்பினர் அவர்தான். கதவோரம் நின்றபடியே எங்கள் தீர்ப்புகளை மாற்றி எழுதும் மேல்முறையீட்டு மன்றம்!

ஒருநாள் நண்பர் என்னிடம், "உங்க சபையும் படங்களைத் தரம் பிரிக்குமாமே?" என்று கேட்டார். 1936-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலில், மக்களுக்கு வழிகாட்டும் வகையில் படங்களை வகைப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொண்டதை எடுத்துச் சொன்னேன். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடே வெளியிட்டதையும், திரைப்படத்துக்கு நூறு வயது நிறைந்த 1995-இல் வத்திக்கான் சமயம், விழுமியம், கலை என்ற மூன்று பிரிவுகளில் 45 படங்களைத் தேர்ந்து பட்டியலிட்டதையும் கூறினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நாப்பத்தஞ்சு படத்துல சேலத்துப் படம் ஒண்ணுகூட இல்லையா? எங்க முறையீட்டை யாருக்கு எழுதணும்?" என்றார்.

அப்பட்டியலில் டி சிக்கா 1948-இல் இயக்கிய இத்தாலியப் படமான 'சைக்கிள் திருடர்கள்' இடம்பெற்றிருக்கிறது. உரோமை நகரத் தெருக்களில், தொழில்முறை நடிகர்களை விடுத்து, ஆலைத் தொழிலாளி ஒருவரையே கதைநாயகனாக்கி எடுத்த படம் அது. திருடு போன சைக்கிளைத் தேடி ஒரு தந்தையும் மகனும் அலைவதுதான் கதை. இதைச் சொன்னபோது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப காசில்லாம எடுக்கறது குத்தமில்லை. காசிருக்கற மாதிரி நடிக்கறதுதான் சிரிப்பா இருக்குது" என்றார். நாற்பது ஆண்டுகள் நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. ஏழ்மையைப் பார்த்து நாங்கள் சிரித்ததில்லை. ஏழ்மையின்மேல் போர்த்திய சரிகைத் துணியைப் பார்த்தே சிரித்தோம்.

சில ஆண்டுகளுக்குமுன் தங்கச்சிக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சேலத்து மருத்துவமனை ஒன்றுக்கு மாதக்கணக்கில் போய்வர வேண்டியிருந்தது. மருந்து ஏறும் நாள்களில் இரவில் உறக்கம் வராது. அப்போது அவர் கணவரிடம் கேட்டதெல்லாம், "ஏனுங்க, ஏதாச்சும் ஒரு விளக்கெண்ணெய்ப் படம் சொல்லுங்க" என்பதுதான். நண்பர் படுக்கைக்கருகே முக்காலியில் உட்கார்ந்து, வசனம், பின்னணி இசை, குதிரைக் குளம்பொலி எல்லாம் தாமே கொடுத்து, முழுப்படத்தையும் சொல்லுவார். அவர் பாதியில் தூங்கிப்போனாலும் இவர் நிறுத்தமாட்டார். ஒருமுறை நான் அங்கிருந்தபோது, "தூங்கிருச்சே, அப்பறம் யாருக்குச் சொல்றே?" என்று மெதுவாகக் கேட்டேன். "சுபம் போட வேண்டாமா?" என்றார். அந்த முதற்சட்டத்தின் முழுப்பொருளை நான் உணர்ந்தது அப்போதுதான்.

தங்கச்சி இறந்தபின் திண்ணை ஓய்ந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் பலர் பலவும் சொன்னார்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடு சொன்னவைதாம். ஆயினும் பல சொற்கள் எங்கேயோ கேட்ட வசனங்களைப் போல் இருந்தன. சொல்லி முடித்ததும் சொன்னவர் எழுந்துவிடுவார். நண்பர் எல்லாவற்றுக்கும் தலையசைப்பார். நானும் நாள்தோறும் போவேன். ஒன்றும் சொல்லமாட்டேன். இருட்டும்வரை எதிரே உள்ள போதமலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவேன்.

ஏழெட்டு மாதங்கள் சென்றபின் ஒரு மாலையில் என் பேரன் கைப்பேசியில் ஒரு பழைய படத்தைத் தேடிக் கொடுத்தான். 1952-இல் ஓர் அமெரிக்க நிறுவனமும் எங்கள் மாடர்ன் தியேட்டர்ஸும் கூட்டாக எடுத்த 'தி ஜங்கிள்' என்ற படம் அது. தமிழில் 'காடு' என்ற பெயரில் வந்தது. இயக்கியவர் வில்லியம் பெர்க். தமிழ் தெரியாமலே 'சகுந்தலை', 'மீரா' போன்ற தமிழ்ப் படங்களை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் அதன் தயாரிப்பில் பங்கு உண்டு. ராட் கேமரூன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் முதலிய அமெரிக்க நடிகர்களோடு நம் எம்.என். நம்பியாரும் அதில் தோன்றுகிறார். கதையில் யானைகள் திடீரென மிரண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடி ஓர் இளவரசியும் வேட்டைக்காரரும் காட்டுக்குள் செல்கிறார்கள். அங்கே இருப்பவை, பல்லாயிரம் ஆண்டுகளுக்குமுன் பனிநாடுகளில் வாழ்ந்த மாமத் என்னும் சடை யானைகளாம்! மாமத்துக்கு எங்கே போவது? உள்ளூர் யானைகளின் மேல் சடைமயிர்ப் போர்வையைப் போர்த்தி நடக்கவிட்டுவிட்டார்கள்.

படத்தை நண்பர் முன் பிடித்தேன். அவர் கடனுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். சடை யானை வந்தது. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏப்பா, பனிநாட்டு யானை நம்ம வெயிலுக்கு எப்பிடி வந்துச்சு?" என்றார். "ஏற்காடு பஸ் பிடிச்சு வந்திருக்கும்" என்றேன். அவர் உதடு துடித்தது. பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "அவ பார்த்திருக்கணும்ப்பா… கம்பளியைக் கழட்டி உதறிப்போட்டு, யானைக்கு ஒரு வாய் தண்ணி வைங்கன்னு சொல்லியிருப்பா" என்றார். எட்டு மாதங்களுக்குப்பின் அன்றுதான் மனைவியைப் பற்றி வாய் திறந்தார். படம் முடியும்வரை நாங்கள் எழவில்லை. முடிந்தபின் இரண்டாம் சட்டத்தையும் அவரே நிறைவேற்றினார்: "அந்த யானை நடந்த நடை இருக்கே, அது நெய். மேலே எதைப் போர்த்தினாலும் அது தன் நடையை மாத்திக்கலை."

துக்க வீட்டில் ஆண்டு முடியுமுன் இத்தனை சிரிப்பா என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்ததாகப் பின்னர் அறிந்தேன். அவருக்கு மறுமொழி சொல்லும் அளவுக்கு நான் மறைநூல் கற்றவன் அல்லேன். ஆனால் எண்ணிப் பார்க்கிறேன். முதுமையில் தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுச் சாரா நகைத்தாள். இறைவன் அதற்காக அவளைக் கைவிடவில்லை. பிறந்த குழந்தைக்கு நகைப்பு என்ற பொருள் தரும் ஈசாக்கு என்னும் பெயரே நிலைத்தது. துன்பம் வந்தால் நகைக்கச் சொன்னவர் நம் வள்ளுவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு போல, களைத்த ஆன்மாவுக்கு விளையாட்டும் நகைச்சுவையும் வேண்டும் என்று எழுதினார். அளவறிந்து நகையாடுவதை ஒரு நற்பண்பாகவே எண்ணினார். பேரறிஞரான அப்புனிதரே இசைவு தந்தபின், எங்கள் ராசிபுரத்துத் திண்ணைக்கு வேறு அனுமதி எதற்கு?

ஆனால் சிரிப்பு இரண்டு வகை. எழுந்து போகிறவன் சிரிக்கும் சிரிப்பு ஒன்று. அது பிறர் தோல்வியை அளந்து, தன் உயரத்தைக் கூட்டிக்கொள்ளும். உடனிருப்பவன் சிரிக்கும் சிரிப்பு மற்றொன்று. அது போர்வையை மட்டும் விலக்கும். உள்ளே இருக்கும் யானையை அவமதிக்காது. வீட்டில் கணவன் மனைவியைப் பார்த்தும், பெற்றோர் பிள்ளைகளைப் பார்த்தும், பங்கில் ஒருவரையொருவர் பார்த்தும் நாம் நாள்தோறும் சிரிக்கிறோம். அது எந்தச் சிரிப்பு என்பதை அறிய ஒரே சோதனைதான் உண்டு: சிரித்தபின் நாம் இருக்கிறோமா, போய்விடுகிறோமா?

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன். அவர்களும் வழி நெடுகப் பேசிக்கொண்டு நடந்த நண்பர்களே. கல்லறை வெறுமையாய் இருந்ததென்று பெண்கள் சொன்ன செய்தி காதில் விழுந்திருந்தும், கதை தோல்வியில் முடிந்துவிட்டதென்று எண்ணி, எருசலேமை விட்டுக் கிளம்பியவர்கள். எங்கள் நண்பர் மொழியில் சொன்னால், சுபம் போடுமுன் எழுந்து வந்துவிட்டவர்கள். ஆண்டவர் அவர்களை ஏளனம் செய்து ஒதுக்கவில்லை. மந்த உள்ளத்தினர் என்று உரிமையோடு கடிந்துகொண்டார். ஆனால் கூடவே நடந்தார். பொழுது சாய்ந்தபின் அவர்களோடு தங்கினார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அவர்கள் அந்த இரவே எழுந்து, விட்டுவந்த எருசலேமுக்குத் திரும்பினார்கள்.

நம் வாழ்வும் பெரும்பாலும் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம்தான். வசனம் மறந்துபோகும், திரை கிழியும், வீரனாக வேடமிட்ட இடத்தில் ஒட்டுமீசை கழன்று விழும். படைத்தவர் அதைப் பார்த்துச் சில வேளைகளில் புன்னகைக்கக்கூடும். ஆனால் அவர் இருக்கையை விட்டு எழுந்து போகிறவர் அல்லர். அப்படிப்பட்டவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், நோயுற்ற ஒருவரின் படுக்கையருகிலும், துயருற்ற ஒருவரின் திண்ணையிலும் இன்னும் சற்றுநேரம் உட்கார்ந்திருக்க நமக்கு மட்டும் என்ன அவசரம்?